திருப்பி மாட்டிய புலி

அத்தியாயம் 6

வனத்துறை ரேஞ்சர் வடிவேல் குனிந்து தார்ப்பாயின் முனையைப் பிடித்து இழுத்தார். சுருண்டு கிடந்தது சிமென்ட் தரையில் மெல்ல விரிந்தது. காலையிலிருந்து ஓயாமல் பேசிக்கொண்டிருந்த பாவாடை சட்டென்று வாயை மூடினான்.

புலித்தோல். தலையும் வாலும் அப்படியே இருந்தன. நான்கு கால்களும் நான்கு பக்கம் விரிந்திருந்தன. உப்பை அப்பியிருந்தார்கள். அதையும் மீறி ஒரு வாடை எழுந்து அந்தச் சின்ன அறையை நிறைத்தது.

"அவதான்" என்று சொல்லிவிட்டு செத்ரிக் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டான்.

வடிவேல் கார்குழலியைப் பார்த்துக் கையை விரித்தார். "அடையாளம் பார்க்க நேத்து கூப்பிட்டதுலேருந்து இதையேதான் மேடம் சொல்றாரு. நானும் இல்ல இல்லன்னு சொல்லிக்கிட்டிருக்கேன்."

கார்குழலி நாற்பதைத் தாண்டியவள். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய், நேரு வீதி மாடியொன்றில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் போட்டவள். பாவாடை அவளுடைய உதவியாளன், டிரைவர், ஆபீஸில் டீ வாங்கி வருபவன், எல்லாமே. குருசுக்குப்பத்துக்காரன். பெயரைச் சொன்னதும் யாராவது சிரித்தால், "சிரிச்சு முடிங்க, நான் அப்புறம் வர்றேன்" என்பான்.

செத்ரிக் அன்று காலையில்தான் அவளைத் தேடி வந்திருந்தான். முப்பது வயது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவரின் மகன். அண்ணன் தம்பிகள் எல்லாரும் பாரிஸ் பக்கம் போய்விட, இவன் மட்டும் கேமராவைத் தூக்கிக்கொண்டு மேற்கே ஒரு மலைக்காட்டில் ஒரே ஒரு பெண்புலிக்குப் பின்னால் இரண்டு வருடம் அலைந்தான். அந்தக் காட்டின் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஏன் என்பது அத்தியாயம் முடிவதற்குள் தெரிந்துவிடும்.

அவன் எடுத்த படங்களின் கண்காட்சி துய்மா வீதியில் ஒரு ஹாலில் நடந்துகொண்டிருந்தது. அதில் எல்லாரும் நின்று பார்த்த படம் ஒன்றுதான். காட்டுக் குட்டையில் தண்ணீர் குடித்துவிட்டுத் தலையை நிமிர்த்துகிறது பெண்புலி. மோவாயிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. கண் நேராகப் பார்ப்பவனைப் பார்க்கிறது. அந்தப் படத்தைக் கார்டாக அச்சடித்து விற்றார்கள். வடிவேல் கையில் இருந்ததும் அதில் ஒன்று.

"பாருங்க மேடம்" என்றார் வடிவேல். "புலிக்கு வரி, நமக்குக் கைரேகை மாதிரி. ஒண்ணோடது இன்னொண்ணுக்கு இருக்காது. நான் இந்தக் கார்டை வச்சு ஒவ்வொரு கோடா பார்த்துட்டேன். பொருந்தல. அதுவும் போவட்டும், காதைப் பாருங்க. தோல்ல கிழிஞ்சிருக்கிறது வலது காது. படத்துல கிழிஞ்சிருக்கிறது இடது காது. வேற புலிதான இது?"

"வேற புலின்னா அழறதுக்கு இவருக்கு என்ன அவசியம்?" என்றாள் கார்குழலி.

அவள் தோலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். கிழிந்த காதைத் தொடாமல் பார்த்தாள். ஆங்கில 'வி' எழுத்துப் போல ஒரு வெட்டு. கார்டிலும் அதே 'வி'. அதே ஆழம். காது மட்டும் மாறியிருந்தது.

"ரெண்டு புலிங்க ஒரே தையக்காரர்கிட்ட போயிருக்கும் போல" என்றான் பாவாடை. அவனுக்குப் பேச்சு திரும்ப வந்துவிட்டது.

கார்குழலி கைப்பையைத் திறந்து, பொட்டு வைக்க வைத்திருக்கும் சின்னக் கண்ணாடியை எடுத்தாள். கார்டைத் தோலின் வலது விலாவுக்குப் பக்கத்தில் நிறுத்தி, கண்ணாடியை அதற்கு எதிரே பிடித்தாள்.

"இப்ப பாருங்க சார்."

வடிவேல் குனிந்தார். கண்ணாடிக்குள் புலி மறுபக்கம் திரும்பியிருந்தது. கிழிந்த காது வலதுக்கு வந்திருந்தது. விலாவில் ஒரு கோடு இரண்டாகப் பிரிந்து, நடுவில் கண் போல இடம் விட்டு, மறுபடி ஒன்றாகச் சேர்ந்தது. தரையில் கிடந்த தோலிலும் அதே இடத்தில் அதே கண்.

கண்ணாடிக்குள் அதன் மோவாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தரையில் உப்புப் பூத்துக் கிடந்தது.

"ஏன் செத்ரிக், படத்தைத் திருப்பி மாட்டினீங்க?"

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ஸ்லைடு ஃபிலிம் மேடம். கண்ணாடித் தாள் மாதிரி. எந்தப் பக்கம் வச்சாலும் பிரிண்டு விழும். படத்துல பின்னாடி ஒரு மலை முகடு தெரியும். அந்தப் பக்கத்து ஆளு யாராவது பார்த்தா ஒரே பார்வையில எடம் இதுதான்னு சொல்லிடுவான். அதனால லேப்புல திருப்பிப் போடச் சொன்னேன். யாரும் தேடிப் போவக்கூடாதுன்னுதான்."

"புலிக்கே மாறுவேஷம் போட்டிருக்கீங்க" என்றான் பாவாடை. ஆனால் அவன் குரலில் கிண்டல் இல்லை.

"யார்கிட்டயாவது எடத்தைச் சொன்னீங்களா?" என்று கேட்டாள் கார்குழலி.

"என் அக்காகிட்டகூட சொல்லல. அனுமதி வாங்கிட்டுப் போவேன். ஜீப்பு அடிவார ஊரோட நின்னுடும். அங்கேருந்து நான் மட்டும்தான் நடப்பேன்."

வடிவேல் தோலின் முன்னங்காலைக் காட்டினார். அங்கே வளையம் போல ஒரு வெட்டு. "குண்டு பட்ட ஓட்டை எங்கயும் இல்ல. இரும்புப் பொறி. தண்ணிக்குப் போற தடத்துல வச்சிருக்காங்க. தடம் தெரிஞ்ச ஆளு வச்சதுதான்."

செத்ரிக் தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டான்.

கார்குழலி எழுந்தாள். "வண்டியப் பத்திச் சொல்லுங்க சார்."

"மீன் வண்டி மேடம். கனகசெட்டிகுளம் தாண்டி நேத்து மத்தியானம் நிறுத்தினோம். டிரைவர் இறங்கி சவுக்குத் தோப்புக்குள்ள ஓடிட்டான். நம்பர் பிளேட்டு பொய். மெட்ராஸ் பக்கம் போற வண்டி. பெட்டியில ஐஸுக்கு அடியில இது இருந்துச்சு." அவர் மேஜையிலிருந்து சில படங்களை எடுத்துக் கொடுத்தார். பறிமுதல் செய்தபோது எடுத்தவை.

பாவாடை எட்டிப் பார்த்தான். முதல் படத்திலேயே அவன் புருவம் சுருங்கியது.

"அக்கா, இது மீன் வண்டி இல்ல."

"எப்படிச் சொல்ற?"

"மீனுக்குப் போடறது பார் ஐஸு. கட்டையால அடிச்சு நொறுக்கிப் போடுவோம். ஒண்ணு செங்கல்லு மாதிரி இருக்கும், ஒண்ணு மாவு மாதிரி இருக்கும். இதைப் பாருங்க, ஒவ்வொண்ணும் ஒரே அளவு, நடுவுல ஓட்டை வச்சு, உளுந்து வடை மாதிரி. இது ஓட்டல் மெஷின்ல வர்ற ஐஸு. கிளாஸ்ல போடறது. இதுல படுத்த மீனு தன்னை ஃபாரினர்னு நெனச்சுக்கும்."

கார்குழலி படத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். "சார், பெட்டியத் தொறந்த ஒடனே எடுத்த படமா இது?"

"ஆமா மேடம். தொறந்ததும் எடுத்துட்டோம்."

"ஓரம்கூட மழுங்கல. ஏப்ரல் மாச மத்தியான வெயில், தகரப் பெட்டி. அப்படின்னா ஐஸை ஏத்தின எடம் ரொம்பப் பக்கத்துல இருக்கணும்."

"காலாப்பட்டு" என்றான் பாவாடை. "என் மச்சான் நண்டு போடற ஓட்டலு. அந்த ரோட்டுல ஓட்டை ஐஸு மெஷினு அங்க ஒண்ணுதான் இருக்குது."

செத்ரிக் தலையைத் தூக்கினான். "அரிகிருஷ்ணன் சார் ஓட்டலா?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"அவர்தான் மேடம் எல்லாமே. கண்காட்சிக்கு ஹால் எடுத்துக் குடுத்தது அவரு. காட்டுக்குப் போவ ஜீப்பு, டிரைவர் குடுத்தது அவரு." அவன் அவசரமாகத் தலையாட்டினான். "இல்ல மேடம். அவரா இருக்காது. ஐஸை யார் வேணா வாங்கியிருக்கலாம்."

"வாங்கியிருக்கலாம்" என்றாள் கார்குழலி. "போய்க் கேட்டுட்டு வருவோம், வாங்க."

மாருதி கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனது. பாவாடை ஓட்டினான். செத்ரிக் பின்சீட்டில் சட்டைப் பையைக் கையால் மூடியபடி உட்கார்ந்திருந்தான், நெஞ்சு வலிக்காரனைப் போல.

"பாவாடை, கார்டைப் பார்க்காம சொல்லு. படத்துல சாய்ஞ்ச பாறை எந்தப் பக்கம்?"

"வலது பக்கம். இடது பக்கம் பட்டுப்போன மரம்."

"செத்ரிக், நேர்ல?"

"நேர்ல பாறை இடது பக்கம். மரம் வலது."

"திருப்பினது உங்களுக்கும் லேப்காரருக்கும் மட்டும்தான் தெரியும். சரியா?"

"ஆமா. லேப்புல தேவதாஸ் அண்ணன். அவரு காட்டுப் பக்கமே போனதில்ல."

"அப்ப கண்காட்சிக்கு வந்த அத்தனை பேருக்கும் பாறை வலது பக்கம்தான். வேற மாதிரி சொல்ற ஆளு, அந்தக் குட்டையோட கரையில போய் நின்னவன்." கார்குழலி கார்க் கண்ணாடியை இறக்கினாள். உப்புக் காற்று அடித்தது. "நீங்க புலியக் காப்பாத்தத்தான் பொய் சொன்னீங்க. அந்தப் பொய் இன்னிக்கு நமக்குப் பொறியாவட்டும்."

அரிகிருஷ்ணன் அவர்களை வாசலிலேயே வந்து அழைத்துக்கொண்டார். அறுபது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மெதுவான குரல். செத்ரிக் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் இறுகியது. அவனைத் தோளோடு சேர்த்துக்கொண்டார். அவருடைய கண்ணோரம் உண்மையிலேயே ஈரமானது.

"பாவிங்க" என்றார். "தெய்வம் மாதிரி நின்னுதே அது. நான் தினமும் ஹாலுக்குப் போய் ஒருவாட்டி பார்த்துட்டு வருவேன் தம்பி, தெரியுமா?"

அவருடைய அறையில் கடல் தெரியும் ஜன்னல் இருந்தது. சுவரில் புலிப்படம் எதுவும் இல்லை. எலுமிச்சை ஜூஸ் வந்தது. பாவாடை தன் கிளாஸை உயர்த்தி உள்ளே பார்த்தான். மிதந்த ஐஸ்கட்டி ஒவ்வொன்றிலும் நடுவில் ஓட்டை.

"வடை நல்லாருக்குக்கா" என்றான் தாழ்ந்த குரலில்.

கார்குழலி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "சார், உங்க உதவி வேணும். பொறி வச்ச எடத்தை வனத்துறை தேடப்போவுது. செத்ரிக் இருக்கிற நெலமையில அவரால ஒண்ணும் சொல்ல முடியல. நீங்க தினமும் படத்தைப் பார்த்தவரு. எடம் எப்படி இருக்கும்னு கொஞ்சம் சொன்னீங்கன்னா, நான் ரேஞ்சருக்குச் சொல்லிடுவேன்."

"தாராளமா." அரிகிருஷ்ணன் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு கைகளையும் மேஜைமேல் விரித்து, காற்றில் இடத்தை வரைந்தார். "நடுவுல குட்டை. சின்னதுதான். இந்தாண்ட, இடது கைப் பக்கம், பெரிய பாறை ஒண்ணு தண்ணி மேல சாய்ஞ்சிருக்கும். அந்தாண்ட வலது பக்கம் ஒரு மரம், பட்டுப்போனது. பின்னால மலை. மலை இப்படி எறங்கும்." அவருடைய வலது கை மேலிருந்து கீழே வலப்பக்கமாகச் சரிந்தது. செத்ரிக் நேரில் பார்த்த மலையும் அந்தப் பக்கம்தான் சரிந்தது.

செத்ரிக் கிளாஸை மேஜையில் வைத்துவிட்டு எழப்போனான். கார்குழலி அவன் முழங்கையைத் தொட்டாள்.

"ரொம்ப நல்லா ஞாபகம் வச்சிருக்கீங்க சார்" என்றாள். "எனக்கு இங்க சிக்னல் வரல. வெளியில போய் ரேஞ்சருக்கு ஒரு ஃபோன் பண்ணிட்டு வந்துடறேன்."

மூவரும் மணலுக்கு வந்தார்கள். ஓட்டலுக்கும் அலைக்கும் நடுவே கட்டுமரம் ஒன்றை ஏற்றி வைத்திருந்தார்கள். அதன் மறைவுக்குப் போனதும் பாவாடை ஒரு குதி குதித்தான்.

"மாட்டிக்கிட்டாருக்கா! தானே வாயால..."

"ஜீப்பு டிரைவரை வச்சு உங்களைப் பின்தொடர்ந்திருக்காரு" என்றாள் கார்குழலி. "கடைசியா அவரும் ஒருவாட்டி நேர்ல போய்ப் பார்த்திருக்காரு. செத்ரிக், வெறும் வாய்ப்பேச்சை மட்டும் வச்சு ஒண்ணும் ஆவாது. இடது வலது மாறிப்போச்சு, வயசாச்சுன்னு சிரிச்சுட்டுப் போயிடுவாரு. பிரிண்டை எப்படி வேணா போடலாம், திருப்பாத மூல ஸ்லைடு முழுசா வேணும். அதையும் அவரு சொன்னதையும் பக்கத்துல பக்கத்துல வச்சாத்தான் கேஸு நிக்கும். ஸ்லைடு எங்க இருக்கு?"

செத்ரிக்கின் கை சட்டைப் பைக்குப் போனது. அங்கேயே நின்றது.

"தர முடியாது மேடம்."

"என்ன?"

"தர முடியாது."

"காலையில என் ஆபீஸ்ல வந்து அவனைக் கண்டுபிடிங்கன்னு அழுதது நீங்கதான?"

"ஆமா." அவன் பையிலிருந்து சின்ன அட்டைச் சட்டத்தை எடுத்து அவளிடம் நீட்டினான். "வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க. இடது ஓரம். பாறைக்குப் பின்னாடி."

கார்குழலி ஸ்லைடைக் கடலுக்கு நேராகத் தூக்கினாள். நகத்தளவு காடு. நகத்தளவு புலி. கண்காட்சிப் படத்தில் பாறையோடு சட்டம் முடிந்துவிடும். இதில் பாறைக்கு அப்பாலும் கொஞ்சம் இருந்தது. நிழலில் இரண்டு உருண்டைகள். முதலில் கல் என்று நினைத்தாள். பிறகு நான்கு காதுகள் தெரிந்தன.

அவள் கையைத் தாழ்த்தினாள்.

"பிரிண்டு போடறப்ப அதை வெட்டிட்டேன்" என்றான் செத்ரிக். "யாருக்கும் தெரியாது. இப்ப எட்டு மாசம் ஆவுது அதுங்களுக்கு. தண்ணிக்கு வர்றப்ப பாறை இடுக்குல விட்டுட்டுத்தான் வருவா. பொறி வச்சவனுக்கும் தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சிருந்தா மூணு தோல் வந்திருக்கும்."

"வேற ஸ்லைடு இல்லையா? குட்டி இல்லாதது?"

"அந்தக் குட்டையில எனக்குக் கிடைச்சது இந்த ஒண்ணுதான் மேடம். ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணு."

"நீங்க வாயால சாட்சி சொன்னா?"

"எடத்தைக் காட்டணும்ல? பத்துப் பேரைக் கூட்டிட்டுப் போவணும். அங்கதான அதுங்க இருக்கு." அவன் அவள் கையிலிருந்த ஸ்லைடைக் காட்டினான். "இந்த ஸ்லைடைக் கேஸ்ல போட்டா காப்பி யாருக்கெல்லாம் போவும்?"

கார்குழலிக்கு அந்தப் பதில் நன்றாகத் தெரியும். குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீலுக்குத் தரவேண்டும். பத்திரிகைக்காரன் கேட்காமலே வாங்கிவிடுவான். அரிகிருஷ்ணன் அன்று மாலையே உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்காருவார்.

அவள் வடிவேலுக்கு ஃபோன் போட்டாள். எந்தக் காடு என்று மட்டும் சொன்னாள். வேறெதுவும் சொல்லாமல், "அங்க ஒரு எடத்துக்குக் காவல் போட முடியுமா சார்?" என்று கேட்டாள்.

"அது நம்ம எல்லையில்ல மேடம்" என்றார் வடிவேல். "அந்த ரேஞ்சுக்குச் சொல்லலாம். மலை முழுக்க ரெண்டே ரெண்டு வாட்சருங்க. அவங்களுக்கு வயர்லெஸ்லதான் சொல்லணும். வயர்லெஸ்ஸை யாரு யாரு கேக்கறாங்கன்னு நான் உறுதி குடுக்க முடியாது. ஏன் மேடம், எதுனா இருக்கா அங்க?"

அலை வந்து கட்டுமரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

"இல்ல சார். சும்மாதான் கேட்டேன்."

அவள் ஃபோனை வைத்தாள். இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தபோது பொய்யர்களைத் தேடிப் பிடித்தவள். தேடிப் பிடித்தவனைக் கையை விட்டு அனுப்ப வேண்டிய நாள் ஒன்று வரும் என்று அவள் நினைத்ததில்லை.

"அக்கா, அவரு வர்றாரு" என்றான் பாவாடை.

அரிகிருஷ்ணன் வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி மணலில் இறங்கி வந்தார். பின்னால் ஒரு பையன்கூட இல்லை. தனியாகத்தான் வந்தார். கையிலிருந்த ஸ்லைடைக் கார்குழலி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"தம்பி, உள்ள உக்கார முடியல" என்றார். "மனசு ஆறல. ஒண்ணு கேக்கறேன். அது தனியாவா இருந்துச்சு? புலின்னா ஜோடி, குட்டி ஏதாச்சும் இருக்குமே. இருந்தா சொல்லுங்க. நாமளே ஆள் வச்சுக் காவல் போடுவோம். ஜீப்பு இருக்கு, டிரைவர் இருக்கான், நாளைக்கே அனுப்பறேன்."

அவருடைய முகத்தில் அன்பைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. கார்குழலி வாயைத் திறந்தாள். செத்ரிக் முந்திக்கொண்டான்.

"ஒண்ணும் இல்ல சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"ரெண்டு வருஷமா பார்த்தேன் சார். தனிப் புலி. கெழடு." அவன் அந்த வார்த்தையை விழுங்கி மறுபடி சொன்னான். "கெழட்டுப் புலி. பல்லுகூட உடைஞ்சிருச்சு. குட்டி போடற வயசெல்லாம் எப்பவோ தாண்டிடுச்சு. படத்துல லைட்டு நல்லா விழுந்ததால அழகாத் தெரிஞ்சுது. நீங்க பொறி வை..." அவன் நிறுத்தினான். "பொறி வச்சவன் வைக்காம இருந்தாலும் இந்தக் கோடையத் தாண்டியிருக்காது."

பாவாடை தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அரிகிருஷ்ணன் செத்ரிக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார். காற்று அவருடைய சட்டையை உப்பவைத்தது.

"அப்படியா" என்றார். "அப்ப அந்த எடத்துல இனிமே ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்ல சார்."

"நீங்களும் போவப் போறதில்ல?"

"எதுக்கு சார் போவணும்?"

"சரி தம்பி. வேற காடு பார்ப்போம். ஜீப்பு எப்பவும் உங்களுக்குத்தான்." அவன் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுக் கார்குழலியின் பக்கம் கை கூப்பினார். அவளும் கூப்பினாள். வேறென்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அவர் நம்பினாரா என்பதை அந்த முகத்திலிருந்து படிக்க அவளால் முடியவில்லை. எத்தனையோ பேர் முகத்தைப் படித்துச் சம்பாதித்தவள். இந்த முகத்தில் எழுத்தே இல்லை.

மாருதி தெற்கே திரும்பியது. பல்கலைக்கழக வாசலில் பஸ்ஸுக்கு நின்ற பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கோட்டக்குப்பம் தாண்டும்போதுதான் கார்குழலி கேட்டாள்.

"எட்டு மாசம்னா, தானா வேட்டையாடுமா?"

"பாதி கத்துக்கிட்டிருக்கும்" என்றான் செத்ரிக். "முயலு, மயிலு பிடிக்கலாம். மான் பிடிக்க ஆத்தாதான் சொல்லிக் குடுக்கணும். ரெண்டுல ஒண்ணாவது தேறும். தேறாமயும் போவலாம்."

"எப்பத் தெரியும் நமக்கு?"

"தெரியாது மேடம்."

கார்குழலி ஸ்லைடைத் திருப்பிக் கொடுத்தாள். அவன் "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றியை முணுமுணுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

பாவாடை கியரை மாற்றினான். "அக்கா, நானும் ஏதாச்சும் சொல்லலாம்னுதான் தேடறேன். ஒண்ணும் வரல."

"வேணாம்டா. ஓட்டு."

பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடச் சொன்னான் செத்ரிக். வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை, கொஞ்சம் நடக்கிறேன் என்றான். கார்குழலி அதை நம்பவில்லை. காரை மறுபக்கம் ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு, உள்ளிருந்தே பார்த்தாள்.

மேற்கே போகும் பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடி ஊர்ப் பெயர்களைக் கூவினான். செத்ரிக் அந்தப் பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றான். அவன் தோளில் கேமராப் பைகூட இல்லை. சற்று நேரம் நின்றுவிட்டு ஏறினான். ஜன்னலோரம் உட்கார்ந்தான்.

"போறாருக்கா" என்றான் பாவாடை. "தடுக்கட்டுமா?"

"என்ன சொல்லித் தடுப்ப?"

அவனுக்குப் பின்னால் ஒரு குடும்பம் ஏறியது. பலாப்பழத்தோடு ஒரு கிழவர் ஏறினார். கடைசியாக, கட்டம் போட்ட சட்டைக்காரன் ஒருவன் கையில் சின்னப் பையோடு வந்து, பஸ்ஸைச் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு ஏறி, செத்ரிக்குக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தான்.

அவன் அரிகிருஷ்ணனின் ஆளாக இருக்கலாம். உரம் வாங்க வந்த விவசாயியாகவும் இருக்கலாம். காருக்குள்ளிருந்து பார்த்த கார்குழலிக்குத் தெரியவில்லை. பஸ்ஸுக்குள் திரும்பித் திரும்பிப் பார்த்த செத்ரிக்குக்கும் தெரியவில்லை.

கண்டக்டர் விசில் அடித்தான். பஸ் நகர ஆரம்பித்தபோது செத்ரிக் எழுந்து, ஆட்களை இடித்துக்கொண்டு ஓடிவந்து படியிலிருந்து குதித்தான். கண்டக்டர் திட்டினான். பஸ் நிற்காமல் வளைந்து வெளியே போனது.

கட்டம் போட்ட சட்டைக்காரன் இறங்கவில்லை. ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்க ஆரம்பித்திருந்தான்.

கார்குழலி காரிலிருந்து இறங்கி செத்ரிக்கின் பக்கத்தில் போய் நின்றாள். அவன் பஸ் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் நடந்துதான் மேடம் அங்க தடமே உண்டாச்சு" என்றான். "இனிமே நான் போனா, எனக்குப் பின்னாடி ஒரு வழி போவும். அதுங்க பசியில கெடந்தாலும் நான் போவக்கூடாது."

பாவாடை மூன்று டீ வாங்கி வந்தான். மூவரும் கையில் பிடித்தபடி நின்றார்கள். அடுத்த பஸ் வந்து அதே இடத்தில் நின்றது. கண்டக்டர் மறுபடி ஊர்ப் பெயர்களைக் கூவத் தொடங்கினான்.